கோட்டுக்குக் கீழே ஒரு வாக்கியம்

சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்புமனு தாக்கல் செய்யும் நாளில் மேளம், பட்டாசு, ஆளுயர மாலை எல்லாம் அலுவலகத்துக்கு நூறு மீட்டர் முன்பே நின்றுவிடும். நாலைந்து பேரோடு உள்ளே போகிற வேட்பாளர், தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசைக்கு முன்னால் எழுந்து நின்று ஒரு தாளைப் படிக்க வேண்டும். கேமராக்காரர்களுக்கு மனுவைக் கையில் கொடுக்கிற படம் கிடைத்தால் போதும்; இந்தத் தாளை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதில் ஓரிடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. கடவுளின் பெயரால் ஆணையிடலாம், இல்லையென்றால் உளமார உறுதி கூறலாம். எம்.எல்.ஏ., எம்.பி., அமைச்சர், நீதிபதி என்று யார் பதவியேற்றாலும் இதே இரட்டை வழிதான். அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை இவ்விரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்திருக்கிறது. கடவுள் மேலே, உறுதி கீழே, நடுவில் ஒரு கோடு.

கீழே இருப்பது நாத்திகர்களின் வாக்கியம் என்றுதான் நம்மூரில் நினைப்பு. திமுககாரர்கள் பெரும்பாலும் அதைச் சொல்லியே பதவியேற்றதால் அந்த நினைப்பு கெட்டிப்பட்டுவிட்டது. ‘கடவுள் இல்லை என்று சொல்வதும் ஒரு நம்பிக்கைதானே, அப்படியென்றால் நாத்திகமும் ஒரு மதம்தானே’ என்ற கேள்விக்குப் பட்டிமன்றத்தில் இன்றும் கைதட்டல் கிடைக்கிறது. எதிரணிக்கும் அதே அளவு கிடைக்கும். தர்க்கத்தில் இதற்கு முடிவு கண்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இந்தக் கீழ்வரி எங்கே பிறந்தது, யார் யார் வாய் வழியாக இங்கே வந்தது என்று தேடிப்போனால் கேள்வியின் முகமே மாறிவிடுகிறது. ஏனென்றால் இதை முதலில் கேட்டு வாங்கியவர்களில் ஒரு நாத்திகர்கூட இல்லை. பக்தி தலைக்கேறியவர்கள் அவர்கள்.

1664. இங்கிலாந்தின் வடக்கே லங்காஸ்டர் நீதிமன்றம். குவேக்கர்கள் என்று ஊர் கேலியாக அழைத்த நண்பர்கள் சங்கத்தின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் கூண்டில் நிற்கிறார். உள்நாட்டுப் போர் முடிந்து முடியாட்சி திரும்பி நாலு வருடம்தான் ஆகிறது. அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று பைபிள் மேல் ஆணையிட வேண்டும். அரசருக்கு எதிராக ஃபாக்ஸிடம் எந்தப் பகையும் இல்லை. ஆணையிடுவதில்தான் சிக்கல். கையில் கொடுத்த பைபிளை வைத்துக்கொண்டே அவர் வாதாடுகிறார்: முத்தமிட்டுச் சத்தியம் செய் என்று இதைக் கொடுக்கிறீர்கள், இதற்குள்ளே இயேசு எதன் பேரிலும் சத்தியமே செய்யாதே என்கிறாரே! புத்தகத்தைச் சிறையில் அடைக்காமல் அது சொன்னபடி நடப்பவனை ஏன் அடைக்கிறீர்கள் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். நீதிபதிகளுக்கு அது ரசிக்கவில்லை. அதே ஊரில், அதே ஆண்டில், அதே காரணத்துக்காக மார்கரெட் ஃபெல் என்ற பெண்மணிக்கு சொத்து பறிமுதலும் ஆயுள் சிறையும் விதிக்கப்பட்டன. அவர் ஒரு நீதிபதியின் விதவை. சுமார் நாலு வருடம் கழித்துத்தான் வெளியே வந்தார். பிற்பாடு ஃபாக்ஸை மணந்துகொண்டவர் அவர்தான்.

வேத வசனம் ஒருபுறம் இருக்கட்டும். குவேக்கர்களிடம் இன்னொரு நியாயமும் இருந்தது. எனக்கு அதுதான் பிடிக்கும். சத்தியம் செய்து சொன்னால்தான் உண்மை என்று ஒத்துக்கொண்டால், மற்ற நேரத்தில் சொல்வதெல்லாம் என்ன? ஒரு மனிதனிடம் உண்மைக்கு இரண்டு தராசு இருக்கலாமா? நம் கிராமத்துப் பஞ்சாயத்தில் ‘கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணு’ என்றதும் சுருக்கென்று கோபம் வந்து எழுந்து போகிற பெரியவரைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பொய் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்ட கோபமாக அது இருக்காது. ‘அப்போ இவ்வளவு நேரம் நான் சொன்னது?’ என்கிற கோபம்.

ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போய், மாடு கன்றுகளை ஜப்திக்குப் பறிகொடுத்த பிறகு, 1696இல் நாடாளுமன்றம் இறங்கிவந்தது. குவேக்கர்கள் ஆணையிட வேண்டாம், எல்லாம் வல்ல கடவுளின் முன்னிலையில் அறிவிக்கிறேன் என்றால் போதும் என்று சட்டம் வந்தது. ஆனால் குவேக்கர்களில் கறாரானவர்கள் அதையும் ஏற்கவில்லை. கடவுளைச் சாட்சிக்கு இழுத்தாலே அது ஆணைதானே என்றார்கள். தங்களுக்குள்ளேயே இதற்காக இரண்டாகப் பிரிந்து கால் நூற்றாண்டு சண்டை போட்டார்கள். 1722இல் மறுபடியும் சட்டம் திருத்தப்பட்டது. கடவுள் வாக்கியத்திலிருந்து வெளியே போனார். மனமார, உண்மையாக உறுதி கூறுகிறேன் என்பது மட்டும் மிஞ்சியது. இன்று சென்னை ஆளுநர் மாளிகையில் ஒலிக்கிற கடவுள் இல்லாத வாக்கியத்தின் மூலப்படி அதுதான். கடவுளை அதிலிருந்து எடுக்கச் சொல்லிப் போராடியவர்கள், காலையில் எழுந்தது முதல் படுக்கும் வரை கடவுளை நினைத்துக்கொண்டிருந்த மனிதர்கள்.

நிஜமான நாத்திகருக்கு அன்று மேல்வரியும் கிடையாது, கீழ்வரியும் கிடையாது. சமயச் சகிப்பின் தந்தை என்று கொண்டாடப்படும் ஜான் லாக், 1689இல் வெளியான தமது கடிதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் இடம் கொடுத்துவிட்டு நாத்திகருக்குக் கதவைச் சாத்தினார். வாக்குறுதி, ஒப்பந்தம், ஆணை எதுவும் அவர்களைக் கட்டாது என்பது அவர் சொன்ன காரணம். மேலே பார்த்துப் பயப்பட ஒருவர் இல்லாதவனை எதைக் கொண்டு கட்டுவது? ஐரோப்பா முழுவதும் நாத்திகரைப் பற்றி இருந்த அச்சத்தின் அடிமண் இதுதான். அவர்கள் நரகத்துக்குப் போவார்களே என்ற கவலை பாதிரியாருக்கு இருந்திருக்கலாம். வட்டிக்குக் கொடுத்தவருக்கும் நீதிபதிக்கும் வேறு கவலை.

இந்தக் கவலையை அப்பட்டமாகக் காட்டிய வழக்கு ஒன்று நம் பக்கத்திலிருந்து போனது. கல்கத்தா வணிகர் ஓமிசந்த், பார்க்கர் என்ற ஆங்கிலேயர் மேல் தொடுத்த கடன் வழக்கு. இந்துச் சாட்சிகளின் வாக்குமூலம் கல்கத்தாவிலேயே பதிவாகி லண்டனுக்குப் போயிற்று. பிராமணர் ஒருவரின் பாதத்தைக் கையால் தொட்டு அவர்கள் சத்தியம் செய்திருந்தார்கள். பைபிளைத் தொடாதவன் சாட்சி செல்லுமா என்று எதிர்த்தரப்பு மடக்கியது. 1744இல் லார்டு ஹார்ட்விக் செல்லும் என்றார். எந்தக் கடவுளாக இருந்தாலும் பரவாயில்லை, பொய் சொன்னால் தண்டிப்பார் என்ற நம்பிக்கை இருந்தால் போதும். தாராளமான தீர்ப்புதான். ஆனால் வேலியை இவ்வளவு அகலமாக்கிய பிறகும் வெளியே நிற்கிற ஒரே ஆள் யார் என்பதையும் அது சொல்லாமல் சொல்லிவிட்டது. கடவுள் யாராக இருந்தாலும் சரி, கையில் பிரம்பு இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் உள்ள பைத்தியக்காரத்தனத்தை ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் போட்டுடைத்தார். நாத்திகன் பொய்யன், அதனால் அவன் சாட்சி செல்லாது என்கிறீர்கள். பொய் சொல்ல அஞ்சாத நாத்திகன் ‘எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு’ என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கூண்டில் ஏறிவிடுவான். ஊர் ஏசினாலும் பரவாயில்லை என்று உள்ளதைச் சொல்கிற நாத்திகன்தான் வெளியே தள்ளப்படுவான். ஆக, இந்தச் சல்லடை யோக்கியர்களை மட்டும் பொறுக்கி எடுத்து எறிகிறது. இதற்குப் பத்து வருடம் கழித்துத்தான் இங்கிலாந்து நீதிமன்றங்கள் நாத்திகரின் சாட்சியை ஏற்றன.

இதற்குள் கீழ்வரி இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது. கொண்டுவந்த காரணம் இன்னும் விசித்திரம். கம்பெனி நீதிமன்றங்களில் இந்துக்கள் கங்கைநீரைத் தொட்டும், முஸ்லிம்கள் குர்ஆன் மீதும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. மானமுள்ள குடும்பத்தார் பலர் சாட்சிக்கு வருவதையே தவிர்த்தார்கள். கங்கையைத் தொட்டுவிட்டு ஒரு வார்த்தை பிசகினால் ஏழு தலைமுறைக்கும் பாவம் என்ற பயம். உண்மையே சொன்னாலும் கோர்ட்டில் கங்கையைத் தொட்டவன் என்ற பேர் வேறு. 1840ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அந்தக் கட்டாயத்தை நீக்கி, உறுதிமொழியைக் கொடுத்தது. அதிலும் கடவுளின் முன்னிலையில் என்ற சொற்கள் இருந்தன. 1873இல் இந்திய ஆணைச் சட்டம் வந்தபோது இந்துவும் முஸ்லிமும் ஆணைக்கு ஆட்சேபம் உள்ள வேறு எவரும் உறுதி கூறினால் போதும் என்றாயிற்று. லங்காஸ்டரில் நடந்ததே மீண்டும் நடந்தது. பக்தி கூடிப்போனதால்தான் இங்கும் கீழ்வரிக்கு இடம் கிடைத்தது.

கடைசியாக அதைக் கேட்டு வந்த நாத்திகர் சார்லஸ் பிராட்லா. லண்டனின் ஏழைக் குடும்பத்தில் 1833இல் பிறந்தவர். பட்டாளத்தில் இருந்தவர். மேடையில் நின்றால் மைக் தேவையில்லாத குரல். தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை நிறுவி, கடவுள் மறுப்பை ஊர் ஊராகப் பேசியவர். 1880 ஏப்ரலில் நார்த்தாம்டன் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மே 3ஆம் தேதி, ஆணைக்குப் பதில் உறுதிமொழி எடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். 1833இலேயே ஜோசஃப் பீஸ் என்ற குவேக்கர் அந்த அவையில் உறுதிமொழி எடுத்து உட்கார்ந்திருக்கிறார். குவேக்கருக்கு உண்டு, உனக்கு இல்லை என்று தேர்வுக் குழு தலைவரின் ஒற்றை வாக்கில் முடிவு செய்தது.

சரி, ஆணையே எடுத்துக்கொள்கிறேன் என்றார் பிராட்லா. அதில் வரும் சில சொற்களுக்கு என்னைப் பொறுத்தவரை அர்த்தமில்லை, ஆனால் வாக்கு என்னைக் கட்டும் என்று பத்திரிகையிலும் எழுதினார். அதைக் கேட்டு அவை இன்னும் கொதித்தது. வின்ஸ்டன் சர்ச்சிலின் தந்தை ராண்டால்ஃப் சர்ச்சில் போன்றவர்களுக்கு பிரதமர் கிளாட்ஸ்டனைக் குடைய இதைவிட நல்ல கருவி அகப்படாது. அர்த்தமில்லாத சொல்லை எங்கள் முன் சொல்லி எங்களை ஏமாற்றவா பார்க்கிறாய் என்றார்கள். ஜூனில் வெளியேற மறுத்ததற்காக பிக் பென் கோபுரத்தில் ஓர் இரவு சிறை வைத்தார்கள். பிறகு, வழக்கு வந்தால் உன் பாடு என்று சொல்லி உறுதிமொழியோடு உட்கார விட்டார்கள். வழக்கு வந்தது, நீதிமன்றம் பதவியைப் பறித்தது. நார்த்தாம்டன்காரர்கள் மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1881 ஆகஸ்ட் 3ஆம் தேதி அவைக்குள் நுழைய வந்தவரைக் காவலர்கள் படிக்கட்டு வழியாக இழுத்துக் கொண்டுபோய் முற்றத்தில் தள்ளினார்கள். கோட்டு கிழிந்து தொங்கியது. 1882 பிப்ரவரியில் யாரும் எதிர்பாராத ஒரு வேலை செய்தார். நேரே மேசைக்கு நடந்துபோய், சட்டைப்பையிலிருந்து சொந்த பைபிளை எடுத்து, தனக்குத்தானே ஆணை செய்வித்துக்கொண்டு, கையெழுத்தும் போட்டுவிட்டார். நீக்கினார்கள். மறுபடி தேர்தல். மறுபடி பிராட்லா.

1883இல் எல்லோருக்கும் உறுதிமொழியைத் திறந்துவிடும் மசோதாவை அரசு கொண்டுவந்தது. கிளாட்ஸ்டன் ஊசிமுனை பக்திமான். பிராட்லாவின் கருத்துகளைக் கேட்டாலே அவருக்கு ஆகாது. அவர்தான் அன்று மசோதாவுக்காகப் பேசினார். மனிதரைப் பற்றிக் கவலையே படாமல் எங்கோ தூரத்தில் இருக்கிற தேவர்களைப் பாடிய ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸை அவையில் இழுத்து வந்து, இப்படி ஒரு கடவுளை நம்புகிறவன் உள்ளே வரலாம், எதையும் நம்பாதவன் வரக்கூடாது என்றால் அதில் கிறிஸ்தவத்துக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டார். மசோதா 289க்கு 292 என்று மூன்று வாக்கில் தோற்றது. 1885இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நம்பிக்கை இல்லாதவர் ஆணை எடுத்தாலும் அது ஆணையாகாது என்றது. உறுதிமொழிக்கும் உரிமையில்லை, ஆணைக்கும் தகுதியில்லை. லாக் சாத்திய கதவு இவ்வளவு காலம் கழித்தும் அப்படியே இருந்தது.

1886 ஜனவரியில் புதிய அவை கூடியது. சபாநாயகர் ஆர்தர் பீல், ஆணை எடுக்க வருகிறவர் மனதுக்குள் என்ன நினைக்கிறார் என்று விசாரிப்பது என் வேலையில்லை என்று சொல்லிவிட்டார். பிராட்லா ஆணை எடுத்தார், உட்கார்ந்தார், இரண்டே வருடத்தில் தன் பேரிலேயே ஆணைச் சட்டம் 1888ஐ நிறைவேற்றினார். அதன் முதல் பிரிவைப் படித்தால் சிரிப்பு வரும். மத நம்பிக்கை இல்லாதவரும், ஆணையிடுவது தன் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று கருதுபவரும் உறுதி கூறலாம் என்கிறது. ஃபாக்ஸும் பிராட்லாவும் ஒரே வரியில், ஒரு கமா தூரத்தில்.

1891 ஜனவரி 27 அன்று, 1880இல் பிராட்லாவை விலக்கிய தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்து நீக்க அவை ஒப்புக்கொண்டது. படுக்கையில் நினைவிழந்து கிடந்த பிராட்லாவுக்கு அது தெரியாது. மூன்று நாளில் இறந்துபோனார். அவர் சவ அடக்கத்துக்கு லண்டனில் இருந்த இந்தியர்கள் திரண்டு போனார்கள். சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபத்தொரு வயது காந்தியும் போனார். நாத்திகர் ஒருவருக்கு இந்தியர்கள் ஏன் இப்படிக் கூடினார்கள் என்றால், ‘இந்தியாவுக்கான உறுப்பினர்’ என்று அவரை அழைக்கும் அளவுக்கு இந்த நாட்டுக்காக அவையில் பேசியவர் அவர். 1889 பம்பாய் காங்கிரசுக்கு நேரிலேயே வந்தார்.

சென்னைக்கு அவர் வந்ததில்லை, அவருடைய வாதங்கள் வந்தன. சென்னை லௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை ‘தத்துவவிவேசினி’ என்ற தமிழ் இதழையும் ‘தி திங்கர்’ என்ற ஆங்கில இதழையும் நடத்தினார்கள். பிராட்லா வாசலில் நின்று தள்ளுமுள்ளு பட்ட அதே ஆண்டுகள் அவை. பெரியார் அப்போது ஈரோட்டில் சிறு பிள்ளை. பேராசிரியர் வீ. அரசு அந்த இதழ்களைத் தொகுத்து வெளியிடும் வரை, தமிழ் நாத்திகம் 1925இல்தான் தொடங்கியது என்று நம்மில் பலர் சொல்லிக்கொண்டிருந்தோம். பிராட்லாவோடு சேர்ந்து வழக்குகளைச் சந்தித்த அன்னி பெசன்ட் மட்டும் நேரிலேயே சென்னை வந்து தங்கினார், ஆனால் நாத்திகத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பிரம்மஞானியாக.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கீழ்வரிக்கு வேறு ஜாதகம். அமெரிக்க அரசியலமைப்பு 1787இலேயே ஆணை அல்லது உறுதி என்று இரண்டையும் எழுதிவிட்டது. 1853இல் ஃபிராங்க்ளின் பியர்ஸ் உறுதி சொல்லியே குடியரசுத் தலைவரானார். ஆனால் மாகாணங்கள் தம் இஷ்டப்படி கடவுள் நம்பிக்கையைக் கேட்டன. மேரிலாந்தில் நோட்டரி பதவிக்குக் கடவுள் உண்டென்று அறிவிக்க மறுத்த ராய் டோர்கசோ வழக்குப் போட்டார். 1961இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் நீதிபதி ஹியூகோ பிளாக், கடவுளைப் போதிக்காத மதங்கள் என்று பௌத்தம், தாவோயிசத்தோடு மதச்சார்பற்ற மனிதநேயத்தையும் சேர்த்து எழுதிப்போட்டார். போதாதா? நாத்திகம் மதம்தான் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது என்று அன்று தொடங்கிய ஆரவாரம் ஓயவில்லை. 2005இல் விஸ்கான்சின் சிறைக் கைதி ஒருவர் நாத்திகப் படிப்பு வட்டம் நடத்த அனுமதி கேட்ட வழக்கில், ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் நேராகவே, அரசியலமைப்பின் கணக்கில் நாத்திகத்தை மதமாகவே கொள்ள வேண்டும் என்றது. மற்ற மதக் கைதிகளுக்குக் கூடிப் படிக்க இடம் கொடுத்துவிட்டு இவருக்கு மறுக்கக்கூடாது என்பதற்காகத்தான் அது. பாதுகாப்புக் கொடுக்க ஒரு தலைப்பு தேவைப்பட்டது. கையில் இருந்த தலைப்பு மதம். இதை வைத்துக்கொண்டு நாத்திகத்துக்குக் கோயில் கட்டுவது சட்டத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் வேலை.

எனக்கு நாத்திகம் மதமாகத் தெரியவில்லை. பூசாரி, பரிகாரம், மறுமை, முன்னோர் விட்டுப்போன கதை எதுவும் அதற்குத் தேவைப்படுவதில்லை. அதற்காக உறுதி சொல்கிறவனிடம் நம்பிக்கையே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. மேலே யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று தெரிந்தே ஒருவன் வாக்குக் கொடுக்கிறான், எதிரே இருப்பவர்கள் அதை நம்பி ஒரு மாநிலத்தையே கொடுக்கிறார்கள். இந்த நம்பிக்கை மனிதர்களுக்குள் கிடைமட்டமாக ஓடுவது. மத நம்பிக்கையின் ஒரு வகை என்று இதைச் சொன்னால் இரண்டையுமே தவறாகப் புரிந்துகொண்டதாகும். குவேக்கரிடமும் இதுவே இருந்தது, பக்திக்கு மேலதிகமாக.

டெல்லிக்கு வருவோம். 1949 அக்டோபர் 17, அரசியல் நிர்ணய சபை. அரசியலமைப்பின் முகப்புரையைக் கடவுளின் பெயரால் என்று தொடங்க வேண்டும் என எச்.வி. காமத் திருத்தம் கொடுத்தார். கடவுளை ஓட்டுக்கு விடும் சங்கடத்தில் எங்களை மாட்டிவிடாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கெஞ்சிப் பார்த்தார். இன்னொருவர் மேல் கடவுளைத் திணிப்பது மனசாட்சிச் சுதந்திரத்துக்கு அழகா என்று குன்ஸ்ரு கேட்டார். எதிர்த்துப் பேசியவர்கள் ஒன்றும் நாத்திகர்கள் இல்லை. காமத் விடவில்லை. வாக்கெடுப்பில் 41 பேர் ஆதரவு, 68 பேர் எதிர்ப்பு. முகப்புரையில் இடம் கிடைக்காத கடவுள் பதவியேற்பு வாசகத்தில் இடம் பிடித்தார். குடியரசுத் தலைவருக்கான வரைவில் முதலில் உறுதி, அடைப்புக்குறிக்குள் ஆணை என்றுதான் இருந்தது. கடவுள் பெயர் கிடையாது. மகாவீர் தியாகி போன்றோர் வற்புறுத்த, கடவுள் பெயர் உள்ளே வந்து மேல்வரியும் ஆனது.

தமிழ்நாடு இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, அதன் உடலையே மாற்றியது. திராவிட நாடு கேட்ட திமுகவை மனதில் வைத்து 1963இல் பதினாறாவது திருத்தம் வந்தது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்ற சொற்கள் உறுதிமொழியில் நுழைந்தன. வேட்பாளரே மனுவோடு அதைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டளையும் அப்போது வந்ததுதான். மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசிய அண்ணா, கட்சியின் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டார். வெறும் வாய்வார்த்தைதானே, சொல்லிவிட்டு நினைத்ததைச் செய்யலாம் என்று ஒரு கட்சி நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. பாக் நீரிணைக்கு அப்பால் 1983இல் இதே போன்ற சட்டம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று உறுதி கூறச் சொன்ன ஆறாவது திருத்தம் அது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் அதைச் சொல்ல மறுத்து நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். அவர்களில் கோயிலுக்குப் போகாதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மேல்வரியா கீழ்வரியா என்பது அங்கே யாருடைய கவலையாகவும் இல்லை. மனதில் இல்லாததை வாயால் சொல்ல மாட்டோம் என்றார்கள். மில் சொன்ன அதே சல்லடை.

1967இல் அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியதை இந்த வாக்கியத்தின் இளைய கிளை என்று சொல்வேன். ஐயர், அக்னி, மந்திரம் எதுவுமில்லை. உறவினர் நண்பர் முன்னிலையில், தமக்குப் புரிகிற மொழியில், இவரை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று இருவரும் சொன்னால் கல்யாணம் முடிந்தது. மாலையோ மோதிரமோ தாலியோ போட்டாலும் சரி. சாட்சி, மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் மாமனும் மச்சானும்தான்.

கடவுள் பேர் சொல்லாமல் கொடுத்த வாக்குக்குக் கூர் குறைவா என்று கேட்பவர்கள் 1986ஐ நினைத்துப் பார்க்கலாம். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியலமைப்பின் மொழிப் பகுதியை எரித்ததற்காக அன்பழகன் உள்ளிட்ட பத்து திமுக உறுப்பினர்களைச் சட்டமன்றம் வெளியேற்றியது. எடுத்த உறுதிமொழியை மீறினார்கள் என்பதே குற்றச்சாட்டு. கோட்டுக்கு மேலே படித்தவனுக்கு ஒரு தண்டனை, கீழே படித்தவனுக்கு ஒரு தண்டனை என்று சட்டத்தில் இல்லை.

ஆனால் கீழ்வரி எப்போதும் காலியாகவே இருப்பதில்லை. 2019 ஜூனில் மக்களவையில் பதவியேற்ற திமுக உறுப்பினர்கள் பலர் உறுதிமொழியை முடித்துக்கொண்டு ‘தமிழ் வாழ்க’, ‘பெரியார் வாழ்க’ என்றார்கள். எதிர்வரிசையிலிருந்து ‘ஜெய் ஸ்ரீராம்’ வந்தது. எனக்கு அன்று லேசான தர்மசங்கடம். கடவுளை எடுத்த இடத்தில் ஒரு பெயரைக் கொண்டுவந்து வைத்தால், நாத்திகமும் மதம்தான் என்பவர்களுக்கு வாதம் தேடும் சிரமமே இல்லாமல் போகிறது. பெரியார் சட்டமன்றத் தேர்தலில் நிற்காதவர். இந்த வாக்கியத்தை அவர் ஒருநாளும் படிக்க வேண்டியிருக்கவில்லை. படித்திருந்தால் யார் பெயரைச் சொல்லி வாழ்த்தியிருப்பார் என்று யோசிக்கவே வேடிக்கையாக இருக்கிறது. இருந்தாலும் கோஷம் வாக்கியத்துக்கு வெளியேதான் நின்றது. கேரளத்தில் 2001இல் உமேஷ் சள்ளியில் என்ற எம்.எல்.ஏ. வாக்கியத்துக்கு உள்ளேயே கையை வைத்தார். ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் ஆணையிட்டார். உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2012இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. கடவுள், இல்லையென்றால் உறுதி. மூன்றாவது வழி கிடையாது. உறுதிமொழி எடுக்காமல் அவையில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் அபராதம் என்கிறது அரசியலமைப்பின் 193ஆம் உறுப்பு. பிராட்லா காலத்தில் ஒரு வாக்குக்கு ஐந்நூறு பவுண்டு. நாணயம் மாறியிருக்கிறது, எண் மாறவில்லை.

நீதிமன்றத்தில் இந்த வாக்கியத்தின் கதை இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 1873 சட்டத்திலேயே 13ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆணையோ உறுதியோ எடுக்க விட்டுப்போனாலும் சாட்சியம் செல்லாமல் போகாது என்றது அது. அடுத்த பிரிவு, எப்படியிருந்தாலும் சாட்சி உண்மை சொல்லக் கடமைப்பட்டவர் என்றது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்விரண்டும் அப்படியே தொடர்கின்றன. ராஜஸ்தானில் பாலியல் வன்முறைக்கு ஆளான எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கூண்டில் நின்றபோது, சத்தியத்தின் புனிதம் இவளுக்குப் புரியவில்லை என்று குறித்துவிட்டு, ஆணையும் உறுதியும் இல்லாமலே நீதிபதி வாக்குமூலத்தைப் பதிவு செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1951 டிசம்பரில் நீதிபதி விவியன் போஸ் தீர்ப்பெழுதினார். சத்தியம் என்றால் என்னவென்று தெரியாதிருப்பது வேறு, உண்மை சொல்ல வேண்டும் என்று தெரிந்திருப்பது வேறு. இரண்டாவது அவளுக்குத் தெரியாது என்று கீழ் நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை. அவள் சாட்சியை ஏற்றுக்கொண்டு, தண்டனையை உறுதி செய்து, எதிரியின் மேல்முறையீட்டைத் தள்ளினார்.